வான்கோழி வளர்ப்பு: முதல் நாலு வாரத்தைத் தாண்டிவிட்டால் போதும்

நான் முதன்முதலில் வாங்கி வந்த பன்னிரண்டு வான்கோழிக் குஞ்சுகளில் ஒன்பது செத்துப்போயின. நோய் எதுவும் இல்லை. தட்டு நிறையத் தீவனம் இருந்தது, தண்ணீர் இருந்தது, பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் தீவனத் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நாலு குஞ்சு விறைத்துக் கிடக்கின்றன. எடுத்துத் தொட்டுப் பார்த்தேன், இரைப்பை காலி. அதாவது பட்டினி. அடுத்த நாள் மூன்று, அதற்கடுத்த நாள் இரண்டு. அப்பா காலத்திலிருந்து நாட்டுக்கோழி வளர்க்கிற வீடு எங்களுடையது, அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன், அந்தத் தைரியம்தான் காலை வாரிவிட்டது.

கோழிக்குஞ்சை யாரும் சாப்பிடச் சொல்லித் தர வேண்டாம், தரையில் விட்ட பத்து நிமிஷத்தில் கொத்த ஆரம்பித்துவிடும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் சில நாள் கண் பார்வையும் மந்தம், பயமும் அதிகம். தட்டு கண்ணெதிரே இருந்தாலும் அதில் இருப்பது தீனி என்று அதற்குத் தெரியாது. இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால் அந்த ஒன்பதில் பாதியாவது பிழைத்திருக்கும். இப்போது மணப்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வருஷத்துக்கு இருபது இருபத்தைந்து உருப்படி வளர்க்கிறேன், குஞ்சுச் சாவு ஒன்றிரண்டோடு நின்றுவிடுகிறது. என்ன மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய பண்ணை வைக்கிறவர்களுக்கு இது உதவாது, ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ வைத்துக்கொண்டு பத்து இருபது பறவை வளர்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் என்ன குஞ்சு வாங்குவது. ஊர்ச் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் கறுப்பு நாட்டு வகையோ கலப்போதான், அது தப்பில்லை, வெயிலுக்குத் தாங்கும். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில்லில் உருவாக்கிய சின்ன வெள்ளை வகை ஒன்று உண்டு. அதையும் நம் கறுப்பு நாட்டு வகையையும் கலந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியதுதான் நந்தனம் வான்கோழி 1. நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களில் கேட்டுப் பாருங்கள், பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அகன்ற மார்பு வகைகள், அந்தப் பெரிய வெண்கல நிற வகை, வெள்ளை வகை எல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அவற்றின் தீனிச் செலவைத் தோட்டத்து மேய்ச்சல் தாங்காது என்பது என் கணக்கு. சந்தையில் வாங்குவதானால் ஒரு மாதம் தாண்டிய குஞ்சாக வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் சாகிற காலத்தை விற்பவர் கடந்து வந்துவிட்டார், அந்தக் கூடுதல் விலை அதற்குத்தான்.

ஒரு நாள் குஞ்சு வாங்கினால்

குஞ்சு வருவதற்கு முந்தின நாளே இடம் தயாராக இருக்க வேண்டும். இருபது குஞ்சுக்கு ஆறடி விட்டத்தில் ஒரு வட்டம் போதும், தகரமோ அட்டையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வளைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். சதுரமாக வைத்தால் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். தரையில் இரண்டு அங்குலத்துக்கு நெல் உமியோ மரத்தூளோ பரப்பி, முதல் நாலைந்து நாளைக்கு அதன்மேல் முட்டை அட்டைகளைப் பிரித்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உமியைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம், வழுக்கி இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்துவிடும், அப்புறம் அந்தக் குஞ்சு நேராக நிற்கவே நிற்காது.

சூடு கோழிக்குஞ்சுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டே வந்து நாலு வாரத்தில் நிறுத்தலாம், மார்கழிக் குளிரானால் ஐந்து ஆறு வாரம்கூட இழுக்கும். நான் இருபது குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு இரண்டு தொங்கவிடுகிறேன். எல்இடி பல்பு போட்டுவிட்டுக் குஞ்சு நடுங்குகிறது என்று ஒருத்தர் என்னிடம் வந்து கேட்டார், அதில் சூடு வராது அண்ணா என்று சொல்ல வேண்டியிருந்தது. வெப்பமானி இல்லையென்றால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கிடந்து கத்தினால் சூடு போதவில்லை, தகரத்தை ஒட்டி ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம், வட்டம் முழுக்கப் பரவலாகப் படுத்திருந்தால் சரி. கரண்ட் போனால் மண்சட்டியில் கரித் தணல் வைத்து மேலே கம்பி வலை மூடி நடுவில் வைப்பேன், புகை அடங்கிய பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும், காற்றும் போய்வர வேண்டும்.

இப்போது முக்கியமான வேலை, சாப்பிடக் கற்றுக்கொடுப்பது. குஞ்சு வந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட வையுங்கள், விழுங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறக்கிவிடுங்கள். மூக்குத் துளை முங்கக் கூடாது. முதல் பதினைந்து நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து வைக்கலாம், பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை என்ற கணக்கில் நன்றாக உதிர்த்துத் தீவனத்தின்மேல் தூவலாம். பல்கலைக்கழகப் பயிற்சியில் சொல்லித் தருவது இதுதான், எனக்கும் நன்றாக வேலை செய்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பால் கலந்த தண்ணீரை நம் ஊர் வெயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், புளித்துப்போய் கழிச்சல் வரும்.

தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும், உள்ளே வண்ணக் கோலிக்குண்டு பத்துப் பன்னிரண்டு போட்டுவிடுங்கள். பளபளப்பைப் பார்த்துக் கொத்த வரும், கொத்தும்போது தண்ணீர் வாயில் படும், அப்படியே பழகிவிடும், முங்கிச் சாவதும் இல்லை. தீவனத் தட்டிலும் நாலு குண்டு போடலாம். பச்சை நிறத்தின் மேல் இதற்கு ஏதோ ஒரு மோகம் இருக்கிறது, அகத்திக்கீரையையோ முருங்கைக் கீரையையோ பொடிப்பொடியாக நறுக்கித் தீவனத்தின் மேல் தூவினால் கீரையைத் தேடித் தீவனத்தையும் சேர்த்துக் கொத்தும். ராத்திரி ஒன்பது மணிவாக்கில் ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து இரைப்பையைத் தடவிப் பாருங்கள், மெத்தென்று நிறைந்திருந்தால் விட்டுவிடலாம், தட்டையாக இருந்தால் அதைத் தனியே எடுத்து அவித்த மஞ்சள் கருவைத் தண்ணீரில் குழைத்து விரல் நுனியால் ஊட்டுங்கள். மூன்று ராத்திரி இப்படித் தூக்கம் கெட்டால் போதும். என் மனைவி இதைப் பிரசவ வார்டு என்பாள்.

நாலைந்து கோழிக்குஞ்சைக் கூடவே விட்டால் பார்த்துப் பழகும் என்று பலரும் சொல்வார்கள், உண்மைதான், பழகும். ஆனால் இன்குபேட்டரில் பொரித்த கோழிக்குஞ்சாக இருக்க வேண்டும், தாய்க்கோழியோடு தரையில் திரிந்ததைக் கொண்டு வந்து விடாதீர்கள். ஏன் என்பது கீழே.

கோழி மேய்ந்த மண்ணில் விடாதீர்கள்

என் இரண்டாவது ஈட்டில் குஞ்சுகள் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன, இரண்டரை மாதம் ஆனதும் நாட்டுக்கோழிகளோடு சேர்த்துத் தோட்டத்தில் திறந்துவிட்டேன். மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாக இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி வழிய ஆரம்பித்தன, எச்சம் கந்தக மஞ்சள் நிறத்தில். வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து அதற்கு வைத்தியம் பார்த்தேன். கடைசியில் செத்ததை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் ஈரலைக் காட்டினார், அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகக் குழிந்த புள்ளிகள். பிளாக்ஹெட் என்றார். தலை கறுக்கும் என்று பெயர் சொன்னாலும் எல்லாவற்றுக்கும் கறுப்பதில்லை, அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

இது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பாதுகாப்பு. நோய்க்கிருமி ஹிஸ்டமோனாஸ் என்கிற ஒற்றைச் செல் உயிரி. அது கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டைக்குள் ஒளிந்துகொண்டு எச்சத்தோடு மண்ணுக்கு வருகிறது. அந்தப் புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மண்புழு தின்றால் மண்புழுவுக்குள்ளும் இருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஜம்மென்று திரியும். வான்கோழி அதே மண்ணைக் கிளறித் தின்றால் ஈரல் போய்விடும். தடுப்பூசி கிடையாது.

ஆகவே வான்கோழிக்குத் தனி இடம் ஒதுக்க முடியாதவர்கள் கோழி, வான்கோழி இரண்டில் ஒன்றை மட்டும் வளர்ப்பது நல்லது என்றுதான் சொல்வேன். நான் தோட்டத்தின் மேற்குப் பக்கம், கோழி எட்டிப் பார்க்காத அரை ஏக்கரை வலை போட்டுப் பிரித்துவிட்டேன். தீவனக் கூடை, தண்ணீர்க் குடுவை, மண்வெட்டி எல்லாமே இரண்டு செட். கோழிக் கொட்டகைக்குப் போய்விட்டு வான்கோழிப் பக்கம் போவதானால் செருப்பு மாற்றிக்கொள்கிறேன். குடற்புழு நீக்கத்தை மருத்துவரிடம் கேட்டு முறையாகச் செய்கிறேன், கோழிக்கும் சேர்த்து, ஏனென்றால் புழு அங்கிருந்துதானே வருகிறது. கோழியை அடை வைத்து வான்கோழி முட்டை பொரிக்கலாம், நிறையப் பேர் செய்கிறார்கள், ஆனால் பொரித்த உடனே குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்துப் பல்பு வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

தீனி

வான்கோழிக் குஞ்சுக்குப் புரதம் நிறைய வேண்டும், ஆரம்பத் தீவனத்தில் 28 சதவீதம் வரை. கடையில் கிடைக்கிற கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் 22, 23தான் இருக்கும். வான்கோழித் தீவனம் எங்கள் பக்கம் மூட்டையாகக் கிடைப்பதில்லை, அதனால் கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தோடு உப்பில்லாக் கருவாட்டுத் தூளும் அவித்த முட்டையும் சேர்த்துச் சமாளிக்கிறேன். அப்புறம் கரையான். பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, தென்னை மட்டைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிட்டால் மறுநாள் காலையில் பானை நிறைய வெள்ளை வெளேரென்று கரையான். அதைத் தார்ப்பாயில் கொட்டியதும் குஞ்சுகள் ஓடி வருகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், பட்டினி கிடந்து செத்த அதே ஜாதியா இது என்று இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு மேல் பச்சைதான் பெரும் தீனி. மொத்தத் தீனியில் பாதி வரை பசுந்தீவனமாகவே கொடுக்கலாம். குதிரை மசால் முதல் தரம், நமக்கு லேசாக வருவது வேலிமசால், ஒரு தடவை விதைத்துவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். மேய்ச்சலில் புல், பூச்சி, நத்தை, விழுந்த வேப்பம்பழம் என்று எதையும் விடாது. நன்றாக மேயவிட்டால் தீவனச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். வான்கோழி வளர்ப்பில் லாபம் என்று ஒன்று இருந்தால் அது இந்த மேய்ச்சலில்தான் இருக்கிறது, கொட்டகையில் அடைத்துப் போட்டு மூட்டைத் தீவனம் கொடுத்து விற்றுப் பாருங்கள், கை பிடித்தம்தான் மிஞ்சும்.

கடலைப் புண்ணாக்கு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, என்ன நோய் என்று தெரியாததால் வான்கோழி எக்ஸ் நோய் என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை. அந்தப் பூஞ்சை விஷத்துக்குத்தான் அப்புறம் அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. அப்படி ஒரு விஷம் இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது வான்கோழி செத்ததால்தான், அவ்வளவு சீக்கிரம் தாக்கும். மழை நாளில் ஈரம் பட்ட புண்ணாக்கு, பூசணம் பூத்த மக்காச்சோளம், மூட்டையின் அடியில் கட்டி தட்டிய தவிடு இதையெல்லாம் காய வைத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், வெயிலில் காய்ந்தாலும் விஷம் போகாது. குழியில் கொட்டி மூடுங்கள், மாட்டுக்கும் வைக்க வேண்டாம்.

இருக்க இடம், மழை, வெயில்

வளர்ந்த பறவைக்கு ராத்திரி அடைய 4 சதுர அடி, முட்டைக்கு வைத்துக்கொள்வதற்கு 5 சதுர அடி. இருபது பறவைக்குப் பத்துக்குப் பத்து அறை கணக்காக வரும். நீளவாக்குக் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. ஒன்றரை அடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, கூரைக்குக் கீற்று போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கை மணிக்கட்டுப் பருமனில் சவுக்குக் கம்பு கட்டிவிடுங்கள். உயரத்தில் அடைவதுதான் இதன் சுபாவம், கம்பு இல்லாவிட்டால் வேப்பமரத்தில் ஏறிவிடும், அப்புறம் மரநாய்க்குத்தான் விருந்து. ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் வெட்டிவிட்டால் வலையைத் தாண்டிப் பறக்காது, இறகு முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டும்.

எட்டு வாரம் வரை மழையில் நனையவே கூடாது. பெரிய பறவை நனைந்தால் உதறிக்கொண்டு போய்விடும், குஞ்சு நனைந்தால் குளிர் கண்டு செத்துவிடும். ஐப்பசி மழை பிடிக்கிற நேரத்தில் குஞ்சு இறக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சித்திரை வெயிலில் காலை ஒன்பதுக்குள் ஒரு தீனி, சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒரு தீனி, நடுவில் நிழலும் மண்பானைத் தண்ணீரும் மட்டும். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து குழி வைத்துவிட்டால் அதில் புரண்டு பேனைத் தானே உதிர்த்துக்கொள்ளும்.

தடுப்பூசிக்குப் பொதுவான முறை இது: முதல் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு, நாலு ஐந்து வாரத்தில் அம்மைக்கு, ஆறாவது வாரம் மறுபடி வெள்ளைக்கழிச்சலுக்கு, எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள் காலராவுக்கு. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி போடுங்கள். ஒரு குப்பியில் நூறு பறவைக்குக் குறையாமல் மருந்து வரும், இருபதுக்காக அதை உடைப்பது வீண், அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டுவிடுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான்.

முட்டையும் அடையும்

பெட்டை ஏறக்குறைய 30 வாரத்தில் முட்டைக்கு வரும். நல்ல தீனியும் வெளிச்சமும் கொடுத்தால் வருஷத்துக்கு 60 முதல் 100 வரை, நம் தோட்டத்து வளர்ப்பில் அறுபதைத் தாண்டினாலே சந்தோஷம். முட்டை 85 கிராம் இருக்கும், ஓட்டில் பழுப்புப் புள்ளி தெறித்திருக்கும், ஒரு முனை கூர்மை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடும். கோழி மாதிரி காலையில் முட்டையை எடுத்துவிட்டுத் திறந்துவிடலாம் என்று நினைத்தால் எல்லா முட்டையும் வேலியோரப் புதருக்குள் போய்விடும், கீரிப்பிள்ளைக்குத் தெரிகிற இடம் நமக்குத் தெரியாது. நான் மதியம் ஒரு மணிக்கெல்லாம் முட்டையிடும் பெட்டைகளைக் கொட்டகைக்குள் விட்டு நாலு மணிக்குத் திறக்கிறேன்.

நடுத்தர வகைக்கு ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் கனம், ஏறும்போது நகத்தால் பெட்டையின் முதுகைக் கிழித்துவிடும், நக நுனியை வெட்டி அரம் போட்டு மழுக்கிவிடுங்கள். கிழிந்துபோனால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, ஆறும் வரை தனியாக அடைத்து வையுங்கள், ரத்தத்தைப் பார்த்தால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். மயிலைப் பார்த்து ஆடியது என்று காலங்காலமாக இதைக் கேலி செய்கிறோம், ஆனால் மார்கழிக் காலை வெயிலில் ஒரு சேவல் வாலை விசிறியாக விரித்து, தலை நீலமும் கழுத்துச் சதை சிவப்புமாக மாறி, இறக்கை தரையில் உரசும் சத்தத்தோடு சுற்றி வருவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். பால்காரர் வண்டி ஹாரன் அடித்தால் எல்லாச் சேவலும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், அது தனிக் கூத்து.

அடை 28 நாள். நாட்டுக்கோழிக்கு அடியில் ஆறு ஏழு முட்டைதான் வைக்க முடியும், பெட்டை வான்கோழியே அடை உட்கார்ந்தால் பத்திலிருந்து பதினைந்து வரை வைக்கலாம். முட்டையை எடுத்து ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுங்கள், அதுவரை கூர் முனை கீழே இருக்கும்படி மணல் பானையில் நிழலில் வையுங்கள். அடையில் இருக்கும் வான்கோழி தின்னவே எழுந்திருக்காமல் மெலிந்துபோகும், தினம் ஒரு தடவை தூக்கி இறக்கிவிட்டு, தீனி தின்று தண்ணீர் குடித்த பிறகு திரும்ப விடுங்கள்.

விற்பனை என்றால் கிறிஸ்துமஸ்தான். மற்ற நாளில் விசாரிக்க ஆள் வராத ஊரிலும் டிசம்பர் பத்துக்கு மேல் போன் வரும். இருபத்து நாலு வாரம் வளர்ந்த பறவை டிசம்பர் மூன்றாம் வாரம் கையில் இருக்க வேண்டுமென்றால் ஜூலை முதல் வாரத்தில் குஞ்சு வேண்டும், வீட்டு முட்டையானால் ஜூன் முதல் வாரத்திலேயே அடை வைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் குஞ்சுகள் மூன்று மாதத்தைத் தாண்டியும் இருக்கும். வியாபாரியிடம் மொத்தமாகத் தள்ளிவிடாமல் நவம்பரிலேயே தேவாலயத்துப் பக்கம் நாலு பேரிடம் சொல்லி வைத்து, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு, அவரவர் பறவையின் காலில் வண்ணக் கயிறு கட்டிவிடுவேன். பிடிக்கும்போது விரட்டாதீர்கள், இருட்டிய பிறகு கம்பில் அடைந்திருப்பதை அப்படியே இரண்டு கையாலும் அணைத்து எடுத்தால் சத்தம்கூடப் போடாது. எல்லாவற்றையும் விற்றுவிடவும் வேண்டாம், நல்ல அகலமான மார்பும் நேரான காலும் உள்ள சேவல் ஒன்றுக்கும் பெட்டை ஐந்துக்கும் காலில் கயிறு கட்டாமல் விட்டுவிடுங்கள்.